ட்ரெபிள்ல கை வைக்காதீங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. ஆம்ப் பாக்க வந்தவருதானே? கீழ்வீட்டுப் பொண்ணுதான் நெட்டுல போட்டுவிட்டுச்சு. ஃபோன் பண்ணவங்க நிறைய, நேர்ல வந்தது நீங்க ஒருத்தருதான். அங்க வேணாம், இந்த நாற்காலியில உக்காருங்க, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா. ஆளு முகத்தைப் பாத்துப் பேசினாத்தான் எனக்குப் பேசின மாதிரி இருக்கும். இந்தக் காலத்துப் பசங்க எங்கயோ பாத்துக்கிட்டு வாய்க்குள்ளயே முணுமுணுங்கிறானுங்க. பல்லுவலிக்காரன்கூட அதைவிடத் தெளிவாப் பேசுவான்.

வத்தலக்குண்டா? பைக்குலயா, இந்த வெயில்லயா? அமலோற்பவம், தம்பிக்கு மோர் கொண்டா. என் வீட்டுக்காரி. என் பேரு சவரியப்பன். திண்டுக்கல்ல எந்த மைக் செட்டுக்காரனையும் கேட்டுப் பாருங்க, கிட்டார் சவரின்னா தெரியும். பாக்கியநாதனோட இசைக்குழுவுல லீட் கிட்டார். அவன் குழு ஆரம்பிச்ச நாள்லருந்து நான்தான். இப்ப இந்த ஆனியிலருந்துதான் போகல. அதைச் சொல்றேன்.

இதுதான் ஆம்ப். துணியை எடுத்துடுறேன். பாருங்க, ஒரு கீறல் கிடையாது. ஆனா மூடி மறைச்சு விக்கிறது எனக்கு ஆகாது தம்பி. இதுல ஒரு கொறை இருக்கு. அது என்னன்னு முதல்ல காதுல வாங்கிக்கிட்டு, அப்புறம் உங்க கிட்டாரை உறையிலருந்து எடுங்க. கொறைக்குத் தக்க விலையைக் குறைச்சுக்கலாம்.

இதுக்கு முன்னாடி வால்வ் ஆம்ப் ஒண்ணு வச்சிருந்தேன். கொடைக்கானல்ல இருந்த ஒரு வெள்ளைக்காரரு ஊரைக் காலி பண்றப்ப வாங்கினது. சுவிட்சைப் போட்ட உடனே பேசாது. உள்ள இருக்கிற வால்வு, அந்தக் கண்ணாடிக் குழாயெல்லாம் சூடாகிச் செவந்து வரணும், அப்புறம்தான் வாயத் திறக்கும். திறந்துச்சுன்னா போதும், திருவிழாக் கூட்டத்துல கடைசியில பஜ்ஜி திங்கிறவன்கூட நிமிந்து பாப்பான். வெயிட்டுதான் தாங்காது. ரெண்டு ஆளு சேந்து தூக்கணும். வேன்காரன் ஒவ்வொரு தடவையும் என் பரம்பரையவே திட்டுவான். திட்டிட்டுப் போகட்டும், நான் கிட்டாரை மட்டும்தானே தூக்குறேன்.

அந்த ஆம்ப்புக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குரல் மங்கிப் போச்சு. எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியல. பிக் வந்து கம்பியைத் தொடுறப்ப 'டிக்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, ஸ்வரம் வர்றதுக்கு முந்தி? உங்களுக்குச் சொல்லணுமா, நீங்களும் வாசிக்கிறவருதானே. அந்த 'டிக்' இருந்தாத்தான் அது கிட்டார். இல்லாட்டி வெறும் கம்பி. அது போயிடுச்சு. வால்வை மாத்தினேன், வரல. ஸ்பீக்கரை மாத்தினேன், வரல. அப்புறம் ட்ரெபிளை, மேல்ஸ்தாயிச் சத்தத்தைக் கூட்டுற நாப்பை, ஏத்தினேன். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதுக்குமேல நாப் திரும்பாதுங்கிற இடத்துக்கு வந்துட்டேன்.

அப்பதான் பாக்கியநாதன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். கீபோர்டும் அவன்தான், பாட்டும் அவன்தான், குழுவும் அவனுது. தங்கமான பையன். உக்காந்து, மோரைக் குடிச்சு, ஊர்க்கதையெல்லாம் பேசி, கடைசியில விஷயத்துக்கு வந்தான். முன்வரிசையில உக்காருறவங்களுக்குக் கிட்டார் சத்தம் காதைக் குத்துதாம், எந்திரிச்சுப் போறாங்களாம். ஆம்ப்புக்கு வயசாயிடுச்சு போலண்ணே, இப்ப டிஜிட்டல் வந்திருக்கு, எல்லாக் குழுவுலயும் அதான் வச்சிருக்காங்க, கையில தூக்கிட்டுப் போயிடலாம், ஒரே பெட்டிக்குள்ள உலகத்துல இருக்கிற ஆம்ப் எல்லாம் இருக்குன்னான். எனக்கு மனசே இல்ல. ஆனா கச்சேரி முக்கியமா, பெட்டி முக்கியமா? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சொல்றாங்கல்ல, பழைய ஆம்ப்பைக் கொடைரோடு பக்கத்துல ஒரு ஜெப சபைக்காரங்க சந்தோசமா வாங்கிட்டுப் போனாங்க. வண்டியில ஏத்துறப்ப நான் வெளியிலயே வரல.

மோர் இன்னும் வரலையே. அமலோற்பவம்... ஓ, வச்சுட்டுப் போயிட்டாளா. எப்ப வச்சா? பூனை மாதிரி வர்றா, பூனை மாதிரிப் போறா. குடிங்க தம்பி.

மதுரையில ஒரு கடையிலதான் இதைப் போட்டுப் பாத்தேன். கடைக்காரப் பையன் இந்த நாப்பைத் திருகிக் காட்டினான். ஒரு திருகு திருகினா அமெரிக்கக்காரன் ஆம்ப்பாம், இன்னொரு திருகுக்கு லண்டனாம். அந்த மாடல், இந்த மாடல்னு பேரு பேராச் சொன்னான். நானும் ஒவ்வொண்ணையும் பொறுமையா வாசிச்சேன். குத்தம் சொல்லணும்னு போகல தம்பி, அதை நம்புங்க. கீழ்க்கம்பியில நல்லாவே இருக்கு. அந்த மூணாவது மாடல், அடிச்சா நெஞ்சுக்குள்ள வந்து உக்காரும், வால்வ் தோத்துச்சு போங்க. எக்கோவும் சுத்தம். ஆனா மேல வந்தேன்னு வைங்க, மெல்லிசுக் கம்பிக்கு, அவ்வளவுதான். கம்பளியைப் போத்திக்கிட்டு உள்ளேருந்து எவனோ வாசிக்கிறான். 'டிக்' இல்ல. ஒரு மாடல்லயும் இல்ல. உலகத்துல இருக்கிற ஆம்ப் எல்லாத்தையும் உள்ள வச்சவன், இந்த ஒண்ணை விட்டுட்டான்.

சரி, ட்ரெபிளையாவது ஏத்திப் பாப்போம்னு ஏத்தினேன். அந்தப் பையன் சடக்குன்னு கையை நீட்டி நாப்பைப் பிடிச்சான். சார், குத்துதுங்க, குறைச்சுக்கலாமேங்கிறான். 'தம்பி, ட்ரெபிள்ல கை வைக்காதீங்க'ன்னு சொன்னேன். அவன் கழுத்துல ஹெட்ஃபோன் தொங்குது. காலையில மாட்டினா ராத்திரி கழட்டுவான் போல. அப்படி இருந்தா காது என்னத்துக்கு ஆகும்? அவன்கிட்ட டோனைப் பத்திப் பேசினது செவிடன் காதுல ஊதின சங்குதான். இருந்தும் வாங்கிட்டேன். பாக்கியநாதன் கடை வாசல்லயே நின்னான், நான் எப்படி வேணாம்னு சொல்லிட்டு வெளிய வருவேன்?

வீட்டுக்குக் கொண்டாந்து தினமும் உக்காந்தேன். மாடல் மாத்தி, மிட்டைக் குறைச்சு, பேஸைக் குறைச்சு, என்னென்னமோ பண்ணேன். நான் வாசிக்க உக்காந்தா அமலோற்பவம் துணி காயப் போடணும்னு மொட்டைமாடிக்குப் போயிடுவா. ரெண்டு பேரு இருக்கிற வீட்டுல தினமும் எங்கருந்து அவ்வளவு துணி வருதுன்னு தெரியல. ஒரு நாள் இறங்கி வந்து எதிர்ல நின்னு சொல்றா, 'ஏங்க, ஒரே ஒரு தடவை காது டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடுவோம்.' எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். பெட்டிக்கு ரிப்பேருன்னா பெட்டியக் காட்டணும், எனக்கு எதுக்குடி டாக்டருன்னேன். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்கிற கதையா, எது கெட்டாலும் பழி என் மேல.

இந்த வீட்டுல நல்லா இருக்கிற சாமானு எது சொல்லுங்க. குக்கரை எடுத்துக்கங்க. மூணு விசில்ல இறக்குங்கன்னு சொல்லிட்டுச் சர்ச்சுக்குப் போயிட்டா. நான் இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். விசிலே வரல. அவ திரும்பி வந்து பாத்தா பருப்பு கரிக்கட்டையாக் கெடக்கு. விசில் அடிச்சிருக்கும்ங்கிறா, அடிக்கலைங்கிறேன். கேஸ்கட்டு மாத்தியாச்சு, அப்புறமும் அப்படித்தான். இப்பல்லாம் எதுலயும் சரக்கு இல்ல தம்பி. குருவி இருந்துச்சே இங்க, இந்த ஜன்னல்ல, விடியக்காலையில தூங்க விடாது. இப்ப சத்தமே இல்ல. செல்ஃபோன் டவர் வந்து எல்லாம் செத்துப் போச்சு. இவ இன்னும் தினமும் அரிசி போடுறா. அதை அணில் தின்னுட்டுப் போகுது.

நீங்க நினைப்பீங்க, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இருக்கேன்னு. அப்படியில்ல. நான் வாசிக்கிறதுல ஒரு ஸ்வரம் பிசகாது. பாக்கியநாதனே சொல்லுவான். பிசகினா நான் கிட்டாரை வச்சுட்டு வந்துடுவேன்.

இந்த வருஷம் சித்திரையில திருவிழா சீசன் ஆரம்பிச்சுச்சு. முதல் கச்சேரியிலயே சண்டை. எங்க சவுண்டு மிக்சர்ல உக்காருறவன் சோலைமலை. சவுண்ட் செக் அப்ப மேடையேறி வந்து, என்னைக் கேக்காம, ட்ரெபிள் நாப்பைப் பிடிச்சுக் கீழ இறக்குறான். நான் ஏத்துறேன், அவன் இறக்குறான். சின்னப்புள்ளைங்க சீசா பலகை மாதிரி. கடைசியில கிட்டாரைக் கழட்டி வச்சுட்டு, நீயே வாசின்னுட்டேன். பாக்கியநாதன் ஓடி வந்து என் கையைப் பிடிச்சான். அடுத்த கச்சேரிக்குள்ள ஒரு வழி பண்றேண்ணேன்னான்.

பண்ணான் தம்பி. அருமையான வழி. இந்த ஆம்ப்ல இதோ, இங்க ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. ஹெட்ஃபோனைக் குத்தினா முன்னாடி ஸ்பீக்கர் கட்டாயிடும், நம்ம காதுக்கு மட்டும் கேக்கும். பின்னாடியிலருந்து ஒரு ஒயர் மிக்சருக்குப் போகும், ஜனங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு சோலைமலை குடுத்துக்குவான். பெரிய ஆர்ட்டிஸ்ட் எல்லாம் இப்படித்தாண்ணே வாசிக்கிறாங்கன்னு சொல்லி, புது ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்கிக் குடுத்தான். நானும் ட்ரெபிளை என் இஷ்டத்துக்கு வச்சுக்கிட்டேன். 'டிக்' வரலதான். ஆனா எவனும் வந்து நாப்பைத் தொடல.

அன்னையிலருந்து ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாது. முன்வரிசையில ஒருத்தன் எந்திரிக்கல. வைகாசி பூரா வாசிச்சேன். சோலைமலை என்னைப் பாத்து அண்ணே, சூப்பர்ண்ணேன்னு கையைக் காட்டுவான். முன்னாடி அப்படிக் காட்டவே மாட்டான். உண்மையைச் சொல்றேன், நான் அவ்வளவு சந்தோசமா இருந்த சீசன் வேற இல்ல.

இந்தக் கீழ்வீட்டுப் பொண்ணு ஒரு கச்சேரிக்கு வந்துச்சு. ஃபோன்ல புடிச்சுட்டு வந்து காட்டுச்சு. நான் தனியா லீட் வாசிக்கிற இடம். என் கை நல்லாத் தெரியுது, மேல ஏறி எறங்குது. ஆனா அந்த இடத்துல கேக்குறது பாக்கியநாதன் கீபோர்டு. கிட்டார் சவுண்டை கீபோர்டுல வச்சு, என் லீட்டை அப்படியே வாசிக்கிறான். நான் வாசிக்கிறது எதுவும் அதுல இல்ல. நான் சொன்னேன், ஃபோன் மைக்குன்னா அப்படித்தாம்மா, கிட்டாரை அது எடுக்காதுன்னு. அந்தப் பொண்ணும் ஆமா அங்கிள், ஃபோன் அப்படித்தான்னுச்சு. அப்படித்தானே தம்பி? உங்க ஃபோனும் எடுக்காதுல்ல?

அடுத்த கச்சேரி முடிஞ்சு சாமானைக் கட்டுறப்ப, என் ஆம்ப் பின்னாடி இருக்கிற ஒயரைச் சுருட்டிக்கிட்டே போனேன். சுருட்டச் சுருட்ட, அது மிக்சருக்குப் போகல. மேடைக்குப் பின்னாடி போயி, தட்டிக்குக் கீழ சும்மா கெடக்கு. முடிஞ்சதும் சோலைமலை கழட்டிப் போட்டிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டதுக்கு அவன் ஆமாண்ணேன்னான். ஆனா என் முகத்தைப் பாக்கல. நான் சொன்னேனே, இந்தக் காலத்துப் பசங்க யாரும் முகத்தைப் பாத்துப் பேசுறதில்ல.

ஆனி பொறந்ததும் பாக்கியநாதன் மறுபடி வந்தான். மோர் குடுத்தா, குடிக்கல. தரையைப் பாத்துக்கிட்டே, 'அண்ணே, மிச்ச சீசனுக்கு நீங்க ரெஸ்ட் எடுங்க'ன்னான். என்னாலதான் உன் குழு நிக்குதுன்னு சொன்னியே, நான் இல்லாம எப்படிடா வாசிப்பீங்கன்னேன். அவன் கண்ணுல தண்ணி. எந்திரிச்சுப் போயிட்டான். அமலோற்பவமும் அவன் பின்னாடியே படிக்கட்டு வரைக்கும் போயி ரொம்ப நேரம் பேசிட்டு வந்தா. என்னடி பேசினன்னா, ஒண்ணுமில்லங்கிறா.

எனக்கு விளங்கிப்போச்சு. எல்லாம் இந்தப் பெட்டியால. வால்வை வித்தது என் தப்பு. திரும்பி வாங்கிடுவோம், வாங்கிட்டுப் போயி பாக்கியநாதன் வீட்டு வாசல்ல வச்சு ஒரு வாசிப்பு வாசிச்சா அவனே வந்து கூப்பிடுவான். அதான் கணக்கு. பஸ் ஏறி அந்தச் சபைக்குப் போனேன். நல்ல ஜனங்க, பாஸ்டரு எந்திரிச்சு வந்து உள்ள கூட்டிட்டுப் போனாரு. என் ஆம்ப் பீடத்துக்குப் பக்கத்துல, துணி விரிச்சு, மேல ஒரு பூச்சாடி வச்சு, ராஜா மாதிரி உக்காந்திருக்கு. சுவிட்சைப் போட்டுட்டு நின்னேன். குழாய் செவந்து வந்துச்சு. கொண்டு போயிருந்த கிட்டாரை மாட்டினேன்.

வாசிச்சேன். அதே கம்பளி. அதே மங்கல். 'டிக்' இல்ல. ட்ரெபிளைக் கடைசி வரைக்கும் திருப்பினேன், ம்ஹும். கூட்டிக்கிட்டிருந்த அம்மா விளக்கமாத்தைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டா. பாஸ்டரு மெதுவா வந்து நாப்பைக் குறைச்சாரு. ஈரம் ஏற விட்டுட்டீங்க, எலி புகுந்துருச்சு, ஒரு நல்ல ஆம்ப்பைக் கொன்னுட்டீங்கன்னு அவரைக் கண்டபடி பேசிட்டேன். அந்த மனுசன் டீ வாங்கிக் குடுத்து, என்கூட நடந்து வந்து பஸ் ஏத்திவிட்டாரு. பஸ்ஸுல அழுதேன். பக்கத்துல இருந்தவரு என்னமோ கேட்டாரு, என்ன கேட்டாருன்னு விளங்கல, தலையை ஆட்டிவிட்டேன்.

அதான் இதை விக்கிறேன். வித்துட்டு, மெட்ராஸ்ல எங்கயாவது நல்ல வால்வா ஒண்ணு கெடைக்காமயா போயிடும். சரி, கதை போதும், கிட்டாரை எடுங்க. நல்ல கிட்டாரா இருக்கே. ஒயரை இங்க குத்துங்க. நாப் எல்லாம் நான் வச்சபடியே இருக்கட்டும், அப்பதான் கொறை தெரியும். ம், வாசிங்க.

ஏன் நிறுத்திட்டீங்க? ஒரே ஒரு அடிதானே அடிச்சீங்க. கண்ணை ஏன் அப்படி மூடினீங்க? இருங்க, கை எங்க போகுது? தம்பி, ட்ரெபிள்ல கை வைக்கா...

நீங்களும் அதே நாப்புக்குத்தான் போறீங்க. மதுரைக் கடைப் பையன், சோலைமலை, அந்தப் பாஸ்டரு, இப்ப நீங்க. நீங்க யாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததுகூடக் கிடையாது.

சரி, இறக்குங்க. உங்க இஷ்டத்துக்கு வச்சு வாசிங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்.

கை நல்ல கை உங்களுக்கு. முகத்துல ஒரு சிரிப்பு வருது பாருங்க வாசிக்கிறப்ப, அது பொய்யா வராது. டோன் நல்லாருக்கா? நல்லாருக்கா. சரி. எங்க பாக்குறீங்க? ஜன்னல்ல என்ன?

குருவி.

ரெண்டு குருவி. அரிசி திங்குது. அப்ப சாகலையா இதெல்லாம்? தினமும் வருதா? அமலோற்பவம் சொன்னா, நான்தான் அணில்னேன். அந்தச் சேவல் குருவி, கழுத்துல கருப்பா இருக்கே, அது வாயைத் திறந்து திறந்து மூடுது. தம்பி, அது கத்துதா? உங்களுக்குக் கேக்குதா? என்னைப் பாத்துச் சொல்லுங்க.

சொல்ல வேணாம். ஒண்ணு மட்டும் பண்ணுங்க. ஆம்ப் சுவிட்சை அமத்துங்க. அமத்தியாச்சா, லைட் போச்சா? ஒயரையும் உருவிடுங்க. இப்ப வெறும் கம்பி. இதுல மாடலும் கிடையாது, வால்வும் கிடையாது. இருங்க, நான் கிட்ட வந்து உக்காந்துக்கிறேன். இந்த மெல்லிசுக் கம்பியை பிக்கால ஒரு தட்டுத் தட்டுங்க. 'டிக்' வரணும். தட்டுங்க தம்பி.

தட்டுங்கன்னேன்ல.

தட்டிட்டீங்களா?

அமலோற்பவம், நீ எதுக்கு அங்க நின்னு முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுவுற? வந்தவரு முன்னாடி. போ, போயி மூஞ்சியக் கழுவு.

தம்பி, நான் முதல்ல சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. இதுல கொறை ஒண்ணும் இல்ல. நல்ல ஆம்ப்புதான். எல்லாரும் சொன்னாங்க. அந்தத் துணியையும் போட்டே எடுத்துட்டுப் போங்க, வழியில தூசி அடிக்கும். ட்ரெபிளை மட்டும், இப்ப நீங்க வச்சிருக்கிற இடத்துலயே வச்சுக்கங்க. அதுக்குமேல ஏத்தினா மத்தவங்களுக்குக் குத்துது.